வீட்டுப் பீரும் மால்ட் பாகும்: சுவை கெடுவது எங்கே?

விளைபொருளை விளைந்தபடியே விற்பதைக் காட்டிலும், அதனைச் சாறாகவோ பாகாகவோ பொடியாகவோ பதப்படுத்தி டப்பாவில் அடைத்து விற்பது இலாபகரமானது என்பதைக் கூட்டுறவாளர் யாவரும் அறிவர். பல சங்கங்கள் அவ்வழியில் முயன்றும் வருகின்றன. ஆனால், பண்டம் சங்கத்தின் கிடங்கை விட்டு வெளியேறியவுடன் நம் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. முகமறியாத ஒருவர் தம் சமையலறையில் அதனை நீரில் கரைத்துப் பயன்படுத்துகிறார். அங்கே அது சுவை கெட்டால், பழி சுமப்பது அவருடைய பாத்திரமோ நீரோ அன்று. டப்பாவின் மேலுள்ள பெயரே.

இவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இம்மாதம் பயில்வோம். இங்கிலாந்து முதலிய நாடுகளில் மால்ட் பாகைக் கொண்டு வீட்டிலேயே பீர் செய்துகொள்வது நெடுநாளாக வழக்கில் இருக்கிறது. புதிதாகச் செய்வோர் பலர் முதல் முயற்சியிலேயே, "இது மெலிந்திருக்கிறது, ஏதோ ஒரு வாடை அடிக்கிறது" என்று சலிப்படைகின்றனர். அக்குறை எங்கிருந்து வருகிறது, அனுபவசாலிகள் அதனை எங்ஙனம் போக்குகின்றனர் என்பதே நம் பாடம்.

ஒரு சொல் முதலிலேயே கூறிவிட வேண்டும். நம் மாநிலத்தில் உரிமமின்றி மது செய்தல் 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆதலின் இங்கே கூறப்படுவது நம் இல்லங்களில் செய்து பார்ப்பதற்கன்று. பதப்படுத்திய பண்டம் ஒன்றின் சுவை எந்தெந்தப் படியில் குன்றுகிறது என்பதை அறிவதற்கே இதனை எடுத்துக்கொண்டோம்.

சிறிது வரலாறு

இங்கிலாந்தில் 1880 ஆம் ஆண்டு கிளாட்ஸ்டன் மால்ட்டின் மீதிருந்த வரியை நீக்கிப் பீரின் மீது வரி விதித்தார். அப்பொழுது வீட்டில் பீர் செய்வோரும் உரிமம் பெற வேண்டியதாயிற்று. 1963 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அவ்வுரிமக் கட்டுப்பாட்டை அகற்றினார். அதன் பின்னரே வீட்டுப் பீர் அங்கே பரவலான பொழுதுபோக்காக வளர்ந்தது.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அக்காலத்தில் பீர் ஆலைகள் சில மால்ட் பாகைத் தயாரித்து, ரொட்டி சுடுவதற்கென்று கூறி விற்றன. வாங்கியோரில் பலர் அதனை எதற்குப் பயன்படுத்தினர் என்பது ஊரறிந்த இரகசியமாயிருந்தது. மதுவிலக்கு நீங்கிய பின்னரும் வீட்டுப் பீருக்கு அனுமதி கிட்டவில்லை. 1978 இல் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே, 1979 பிப்ரவரி முதல், சொந்த உபயோகத்துக்கு வரியின்றிப் பீர் செய்ய வழிவிட்டது.

டப்பாவில் இருப்பது யாது?

வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்டி, தக்க சமயத்தில் சூட்டில் உலர்த்தினால் மால்ட் ஆகிறது. மால்ட்டை இடித்து ஏறத்தாழ 65 பாகை வெந்நீரில் ஊறவைத்தால், முளைக்கும்போது தானியத்தில் தோன்றிய நொதிகள் அதன் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. இவ்வாறு கிடைக்கும் இனிப்புச் சாற்றை, குறைந்த காற்றழுத்தத்தில் மிகுந்த சூடின்றி வற்றக் காய்ச்சினால், நூற்றுக்கு 80 பங்கு திடப்பொருளும் 20 பங்கு நீரும் கொண்ட கெட்டிப் பாகு உண்டாகிறது. கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூச்சாறும் பெரும்பாலும் இதனோடு சேர்க்கப்படுகிறது. இதுவே டப்பாவில் அடைக்கப்படுவது. மூடியின் கீழே 5 முதல் 7 கிராம் உலர்ந்த ஈஸ்ட் பொட்டலம் ஒன்றும் இருக்கும்.

வழிகாட்டித் தாள் மிக எளிது. 1.7 கிலோ எடையுள்ள டப்பாவின் பாகை வெந்நீரில் கரைக்கவும்; 1 கிலோ சர்க்கரை சேர்க்கவும்; குளிர்ந்த நீர் விட்டு 23 லிட்டராக்கவும்; ஈஸ்ட்டைத் தூவி மூடவும். சில நாட்களில் நொதித்து முடியும், புட்டிகளில் அடைக்கவும். இந்த எளிமையே டப்பாவின் கவர்ச்சி. அதன் குறைகளுக்கும் அதுவே காரணம்.

சர்க்கரைக் கணக்கு

முதற்குறை மெலிவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 1.7 கிலோ பாகில் திடப்பொருள் நூற்றுக்கு 80 வீதம் 1.36 கிலோ. சேர்க்கச் சொன்ன சர்க்கரை 1 கிலோ. மொத்தம் 2.36 கிலோ. இதில் சர்க்கரையின் பங்கு நூற்றுக்கு 42. பாதிக்குச் சற்றே குறைவாக வெறுஞ்சர்க்கரையே நொதிக்கிறது.

வெறுஞ்சர்க்கரையை ஈஸ்ட் முழுதும் உண்டுவிடும். சாராயச் சத்தும் கரியமில வாயுவும் தவிர வேறொன்றும் மிஞ்சாது. மால்ட் அவ்வாறன்று. அதன் திடப்பொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஈஸ்ட்டால் உண்ண இயலாது. அந்த மிச்சமே பீருக்குக் கனத்தையும் வாய்நிறைவையும் நுரையின் நிலைப்பையும் தருகிறது. டப்பாவும் சர்க்கரையும் கலந்த கலவையில் இந்த மிச்சம் 450 கிராம் அளவே. சர்க்கரைக்குப் பதிலாக 1 கிலோ உலர்ந்த மால்ட் பொடி சேர்த்தால் மிச்சம் முக்கால் கிலோவைத் தாண்டும். சாராயச் சத்து சற்றே குறையலாம். குடிப்பவர் உணரும் வேறுபாடோ பெரிது.

நெசவாளர் அங்கத்தினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஊடையைக் குறைத்து, கஞ்சியை ஏற்றி நெய்த துணி கடையில் விறைப்பாகவே நிற்கும். முதற் சலவையில் அதன் மெலிவு வெளிப்பட்டுவிடும். சர்க்கரை ஏற்றிய பீரும் அத்தகையதே. அளவுமானியில் வலிமை தெரியும்; வாயில் தெரியாது.

ஆகவே அனுபவசாலிகள் கூறும் முதல் யோசனை, சர்க்கரையை விலக்கி மால்ட் பொடியைச் சேர்க்க வேண்டும் என்பதே. இரண்டு டப்பாப் பாகைச் சேர்ப்போரும் உளர். அப்பொழுது இரண்டாவது டப்பா ஹாப்ஸ் சேராததாக இருத்தல் நலம். இல்லையேல் கசப்பு இரட்டிப்பாகும்.

பாகின் வயது

இரண்டாவது குறை, பழைய வெல்லப்பாகு போன்ற ஒரு கனத்த வாடையும் மங்கிய நிறமும். இதற்குக் காரணம் பாகின் முதுமை. டப்பாவுக்குள் கிருமி புகாவிட்டாலும், பாகிலுள்ள சர்க்கரையும் புரதச் சத்தும் ஒன்றோடொன்று மெல்ல மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கின்றன. நிறம் கறுக்கிறது, புதுமணம் மறைகிறது. குளிர்ந்த இடத்தில் இவ்வினை மெதுவாகவும், வெப்பமான கடை அலமாரியில் விரைவாகவும் நிகழும். பொன்னிறப் பீருக்கென்று வாங்கிய பாகு செந்நிறமாக முடிவது இதனாலேயே.

இதற்கு மருந்து ஒன்றுதான்: புதிய சரக்கை வாங்குதல். தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். சரக்கு விரைந்து விற்பனையாகும் கடையில் வாங்க வேண்டும். தூசி படிந்த டப்பாவை, விலை மலிவென்று எடுக்கலாகாது. உலர்ந்த மால்ட் பொடியில் நீர் மிகக் குறைவாதலின் அது பாகைவிட நெடுநாள் தாங்கும். மூடியின் கீழுள்ள ஈஸ்ட்டும் அதே வெப்பத்தில் அதே காலம் கிடந்ததே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அது உயிருள்ள பொருள். வெப்பத்தில் அதன் வீரியம் குன்றும். ஆகையால் தேர்ந்தோர் அதனை ஒதுக்கிவிட்டு, குளிர்பெட்டியில் வைத்து விற்கப்படும் 11 கிராம் பொட்டலத்தைத் தனியே வாங்குகின்றனர்.

நீரும் தூய்மையும்

பீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. நகராட்சிக் குழாய்நீரில் கிருமிகளை ஒழிக்கக் குளோரினோ, குளோரமினோ கலக்கப்படுகிறது. பாகிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் வரும் ஃபீனால் வகைப் பொருள்களோடு குளோரின் சேர்ந்தால், மருத்துவமனை வாடை போன்றதொரு வாடை பிறக்கும். மிகச் சிறிய அளவே போதும், 23 லிட்டரும் வீணாகும். நீரைக் கொதிக்கவைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் எளிதில் போகாது. அதற்குக் காம்ப்டன் மாத்திரை எனப்படும் மெட்டாபைசல்பைட் மாத்திரையில் கால் முதல் அரைப்பங்கைப் பொடித்து 23 லிட்டர் நீரில் கலந்தால், சில நிமிடங்களில் இரண்டும் செயலற்றுப் போகும்.

தூய்மை என்பது இரண்டு படி. அழுக்கைத் தேய்த்துக் கழுவுவது முதற்படி. கிருமி நீக்குவது இரண்டாம் படி. முதற்படியைச் செய்யாது இரண்டாவதைச் செய்தால் பயனில்லை. அழுக்கின் அடியில் கிருமி தப்பிவிடும். வாளி, மூடி, கரண்டி, குழாய், வெப்பமானி என, ஆறிய சாற்றைத் தொடும் பொருள் ஒவ்வொன்றும் இவ்விரு படிகளையும் கடக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியை முரட்டு நாரால் தேய்த்தால் கீறல் விழும். கீறலே கிருமியின் வீடாகும். குளோரின் கலந்த வெளுப்பு நீரால் கிருமி நீக்குவோர் நன்றாக அலச வேண்டும். எஞ்சிய குளோரின் மேற்கூறிய மருந்து வாடையைத் தானே உண்டாக்கும்.

வெப்பமும் ஈஸ்ட்டும்

சர்க்கரைக்கு அடுத்தபடியாகச் சுவையைக் கெடுப்பது வெப்பம். விரைவில் முடியட்டும் என்று, சில வழிகாட்டித் தாள்கள் 25 பாகைக்கு மேலும் இடந்தருகின்றன. இங்கிலாந்துப் பாணியிலான ஏல் பீருக்கு ஏற்ற வெப்பம் 18 முதல் 20 பாகை வரை. அதற்கு மேல் வெகுவாக ஏறினால் ஈஸ்ட் பதற்றத்தோடு வேலை செய்யும். வாழைப்பழ மணமும், வார்னிஷ் போன்ற காட்டமும், தலைவலி தரும் கனத்த சாராய வகைகளும் உண்டாகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிடும் வினை. அது மும்முரமாக நடக்கும்போது வாளிக்குள் இருக்கும் வெப்பம் அறையின் வெப்பத்தைவிடச் சில பாகை கூடுதலாக இருக்கும். ஆகவே அறையின் வெப்பமானியைப் பார்த்தால் போதாது. வாளியின் மேல் வெப்பமானியை ஒட்டிப் பார்க்க வேண்டும். வாளியை நீர்த்தொட்டியில் நிறுத்தி ஈரத்துணி போர்த்துவது செலவில்லாத குளிர்ச்சாதனம். முதல் மூன்று நான்கு நாட்கள் வெப்பத்தை அடக்கினால் பெரும்பான்மையான குறை அகலும்.

ஈஸ்ட்டைச் சேர்க்கும் நேரத்தில் சாறு சூடாக இருத்தல் ஆகாது. குளிர்ந்த நீர் சேர்த்து 20 பாகைக்குக் கொணர்ந்த பின்னரே சேர்க்க வேண்டும். அத்தருணத்தில் மட்டும் சாற்றை நன்றாகக் கலக்கிக் காற்றோட்டம் தரலாம். ஈஸ்ட் பெருகுவதற்குப் பிராணவாயு தேவை. நொதித்து முடிந்த பின்னரோ காற்றே பகை. சலசலவென்று ஊற்றிப் புட்டியில் நிரப்பினால், நனைந்த அட்டைப்பெட்டி போன்ற சுவை சில வாரங்களில் தோன்றும். குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு மெல்ல நிரப்புவதே முறை.

பதறாத காரியம் சிதறாது

நுரை அடங்கியவுடன் வேலை முடிந்ததென்று புதியவர் எண்ணுவர். ஈஸ்ட்டின் வேலை அப்பொழுது முடிவதில்லை. நொதித்தலின் நடுவே பச்சை ஆப்பிளை ஒத்த மணமுடைய ஒரு பொருளும், வெண்ணெய் மணமுடைய மற்றொரு பொருளும் உண்டாகின்றன. இவ்விரண்டையும் பின்னர் ஈஸ்ட்டே உட்கொண்டு அகற்றுகிறது. அதற்குச் சில நாட்கள் வேண்டும். ஆகவே ஒரு வாரத்தில் புட்டியில் அடைப்பதைவிட இரண்டு வாரம் பொறுத்தல் நலம்.

முடிந்ததா என்பதை ஊகித்தல் கூடாது. நம் பால் சங்கங்களில் பால்மானி கொண்டு பாலைச் சோதிப்பதுபோல, அடர்த்திமானி கொண்டு சாற்றைச் சோதிக்க வேண்டும். தொடக்கத்தில் 1.040 அளவில் நிற்கும் மானி, முடிவில் 1.010 அளவுக்கு இறங்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாதிருந்தால் நொதித்தல் முடிந்தது என்பது பொருள். முடியுமுன் அடைத்தால் புட்டிக்குள் வாயு பெருகிக் கண்ணாடி வெடிக்கும். கண்ணுக்கும் கைக்கும் அபாயம். புட்டியில் நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 5 கிராம் அளவில் இருந்தால் போதும். அதனையும் கைமதிப்பாக அன்றி நிறுத்தே சேர்க்க வேண்டும்.

பழுப்புப் புட்டியே ஏற்றது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் நாற்றமாக மாறும். அமெரிக்கர் அதனை ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றத்தோடு ஒப்பிடுவர்.

புதுமணம் சேர்த்தல்

மேற்கூறியவை யாவும் குறை தவிர்ப்பன. நிறையைக் கூட்டுவதற்கும் இரண்டு எளிய வழிகள் உள. முதலாவது, பாகு செய்யும்போது மறைந்துபோன தானிய மணத்தைத் திரும்பக் கொணர்தல். கிரிஸ்டல் மால்ட் எனப்படும் இடித்த தானியம் 250 கிராமைத் துணிப்பையில் கட்டி, 65 முதல் 70 பாகை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அந்நீரை வடித்துக் கொதிக்கவைத்துப் பாகோடு சேர்த்தல். தானியத்தைக் கொதிக்கவிடலாகாது, உமியின் துவர்ப்பு இறங்கிவிடும்.

இரண்டாவது, புதிய ஹாப்ஸ். ஹாப்ஸின் நறுமண எண்ணெய் ஆவியாகிவிடும் இயல்புடையது. பாகை வற்றக் காய்ச்சும்போது கசப்பு தங்கினாலும் மணம் தங்குவதில்லை. ஆகவே ஃபக்கிள், கோல்டிங்ஸ் போன்ற இங்கிலாந்து வகை ஏதேனும் ஒன்றில் 25 கிராமை, கொதி இறக்கும் தறுவாயில் அந்நீரில் இட்டோ, நொதித்தல் அடங்கிய பின் வாளியில் இட்டோ மணத்தை மீட்கின்றனர்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம்

இவ்வளவையும் படித்த புதியவர் அடுத்த முறை எல்லாவற்றையும் ஒருங்கே மாற்ற முற்படுவார். பீர் நன்றாக அமையலாம். எதனால் நன்றாக அமைந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. ஆகையால் ஒரு முறைக்கு ஒன்றை மாற்றி, தேதி, பாகின் வயது, நீர், வெப்பம், மானியளவு, சுவை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். வரிசை கேட்டால் நாம் கூறுவது இது: முதலில் தூய்மை, அடுத்து வெப்பம், மூன்றாவது சர்க்கரை, நான்காவது புதிய பாகும் ஈஸ்ட்டும், பின்னரே ஹாப்ஸும் தானியமும். முதல் இரண்டுக்கும் பணம் தேவையில்லை, கவனமே தேவை.

நமக்கு இதில் என்ன?

மேற்கூறிய குறைகளைத் திரும்ப நோக்குவோம். வாற்கோதுமை விளைவித்தவர் மீது ஒரு குறையும் இல்லை. பாகு காய்ச்சிய ஆலையிலும் பெருங்குறை இல்லை. எனினும் முதல் வாளியை ஊற்றிக் கவிழ்த்தவர், "டப்பாச் சரக்கே இப்படித்தான்" என்று கூறி, மறுபடி வாங்குவதில்லை. மற்றொருவரையும் வாங்கவிடுவதில்லை. ஒரு வாடிக்கைக்காரர் போனால், அவருக்குப் பின்னால் ஓர் உழவரின் மூட்டையும் தேங்குகிறது.

இதில் பாதியையாவது தாளிலேயே தடுத்திருக்கலாம். சர்க்கரை சேர்க்கச் சொல்வது மலிவுக்காக. அதிக வெப்பத்துக்கு இடந்தருவது விரைவுக்காக. மலிவும் விரைவும் முதல் டப்பாவை விற்கும். இரண்டாவது டப்பாவை விற்பது சுவை ஒன்றே. நம் சங்கங்கள் பாகோ பொடியோ சாறோ விற்க முற்படும்போது மூன்று காரியங்களை மறவாதிருக்க வேண்டும். தயாரித்த தேதியைத் தெளிவாக அச்சிட வேண்டும். பழைய சரக்கு முதலில் வெளியேறும்படி கிடங்கை ஒழுங்கு செய்து, வெப்பம் தாக்காமல் காக்க வேண்டும். பயன்படுத்தும் முறையை எழுதுங்கால், எளிதாகத் தோன்றுவதை எழுதாது, நன்றாக அமைவதை எழுத வேண்டும். எழுதியபடி சங்கத்தார் தாமே ஒருமுறை செய்து சுவைத்துப் பார்க்க வேண்டும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்கச் சில வினாக்கள்

1. 1.7 கிலோ பாகோடு அரை கிலோ சர்க்கரையும் அரை கிலோ மால்ட் பொடியும் சேர்த்தால், மொத்தத் திடப்பொருளில் சர்க்கரையின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு?

2. அறையின் வெப்பமும் வாளியின் வெப்பமும் வேறுபடுவது ஏன்? நம் தொழிலில் இத்தகைய மறைவான வெப்பம் அல்லது ஈரம் எங்கே இருக்கிறது?

3. நம் சங்கத்தின் பண்டங்களில் எதற்குத் தயாரித்த தேதி அச்சிடப்படவில்லை? ஏன்?

4. நம் பண்டத்தை வாங்கியவர் குறை கூறினால், அக்குறை எந்தப் படியில் நேர்ந்தது என்று கண்டறிய நம்மிடம் குறிப்பேடு உண்டா?